யார் முதலில் எழுவது

திருத்தணி
26-2-2026

அன்புள்ள ஜமீலுக்கு,

இங்கே மணியம்மையும் நானும் நலம். ஷாகிராவும் நீயும் நலமாக நோன்பிருக்க வேண்டும். உன் போனை எடுக்கத் தைரியம் வரவில்லை. எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும். சொல்ல வேண்டியவை மூன்று:

1. நேற்றைய சாப்பாட்டில் நான் செய்த பிழை.
2. அதைவிடப் பெரிய பிழை.
3. இனி நான் உன் கடையிலும் வீட்டிலும் தலைகாட்டாமல் இருப்பதே நல்லது.

முதலாவது. நோன்பாளி எதிரே சும்மா உட்கார்ந்தால் விருந்தாளிக்குச் சோறு இறங்காது என்றுதான் உனக்குப் பதிலாக என்னை அனுப்பினாய். தாலுகா ஆபீசில் முப்பது வருடம் அதிகாரிகளைச் சாப்பிட அழைத்துப் போனவன் என்று நம்பினாய். சென்னைக் கடைக்காரர் பிரியங்கா, பொதட்டூர்பேட்டையில் உன் லுங்கிகளை நெய்யும் தறிகளைப் பார்த்துவிட்டு ஓட்டலுக்கு வந்தார். மோர் வரை குறையில்லை. அதிகாரி எழும் முன் நான் எழுந்ததே கிடையாது; எனவே பிரியங்கா எழக் காத்திருந்தேன். வயதில் பெரியவர் எழட்டும் என்று அவரும் காத்திருந்திருக்கிறார். கால் மணி நேரம்! கையில் சோறு காய்ந்துவிட்டது. கடைசியில் பரிமாறுகிறவர் வந்து, "இன்னா பெரியவரே, ரெண்டு பேரும் எலையப் பாத்துகினே குந்திகினு இருக்கீங்க? வெளிய ஆளுங்க நின்னுகினு இருக்காங்க" என்றார்.

இரண்டாவது. பரிமாறுகிறவர் வருவதற்குச் சற்று முன், அந்த மௌனம் தாங்காமல், "நீலக் கட்டம் போட்டது முதல் துவைப்பில் சாயம் விடும்" என்று சொல்லிவிட்டேன். சாப்பிட அழைத்த இடத்தில் நம் சரக்கையே யாராவது குறை சொல்வார்களா? "அப்படியா, ஐயா" என்றார் பிரியங்கா; ஆர்டர் பேச்சையே எடுக்காமல் கிளம்பிவிட்டார். இந்த ஆர்டரை நம்பித்தான் நீ கடையை மூடாமல் வைத்திருக்கிறாய்.

மூன்றாவதற்கு விளக்கம் தேவையில்லை. மன்னித்துவிடு.

குமரவேல்


அரக்கோணம்
28-2-2026

டேய் குமரவேலு,

மூன்று நாளாகப் போன் அடித்து விரல் தேய்ந்துவிட்டது. உனக்கெல்லாம் தபால்தான் சரி.

நேற்று அந்த அம்மா கூப்பிட்டார். "பாய், நீங்க அனுப்பின பெரியவரு நீலம் சாயம் விடும்னு சொன்னாருங்க. நானும் பத்து கடை பாத்துட்டேன், எல்லாரும் விடவே விடாதுன்னுதான் சொல்றாங்க. நீலத்த விட்டுட்டு மத்ததெல்லாம் அனுப்புங்க" என்றார். ஆர்டர் வந்துவிட்டதடா! ஷாகிரா அழுதேவிட்டாள். நான் அழவில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய்.

நீலம் முழுவதையும் உன் தலையில்தான் கட்டப்போகிறேன்.

வெள்ளிக்கிழமை நோன்பு திறக்க இருவரும் வாருங்கள். ஷாகிரா சொல்கிறாள்: "அண்ணன் வரலன்னா நானே திருத்தணிக்கு வந்து இட்டுகினு வருவேன்."

ஜமீல் அகமது


திருத்தணி
3-3-2026

அன்புள்ள ஜமீலுக்கு,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று இரண்டு முறை படித்தேன். ஆறு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று காரக்குழம்பை மறுபடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டதும், "இன்னா, கெவர்மென்ட்டு உத்தரவு வந்துச்சா?" என்றாள் மணியம்மை. "ஆங், வந்துச்சு" என்றேன்.

வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் வருகிறோம். நீல லுங்கியில் எனக்கு இரண்டு எடுத்து வை.

நான் எழுதிய முதல் இரண்டும் பிழைகள்தான். நல்லபடியாக முடிந்ததால் அவை முறை ஆகிவிடாது. ஆனால் மூன்றாவதாக எழுதியது தவறு. அதை அடித்துவிடு.

உன்
குமரவேல்