கேட் கணினியின் பத்து நிமிடம்

நவம்பர் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ஊசுட்டேரி ரோட்டில் கம்பெனி வேன் ஆமை வேகம். தீபாவளி லீவு முடிந்து முதல் நாள். ஈரக் குடையை மடிக்கக்கூட இல்லை, அதற்குள் போன். எச்.ஆர். மேனேஜர் சம்பந்தம் சார்.

"உங்க சர்வர் படுத்துடுச்சிம்மா. கேட்ல கை வெச்ச ஒருத்தர் பேரும் எனக்கு வர்ல."

என் சர்வர் படுக்காது. படுத்தால் எனக்குத்தான் முதலில் தெரியும். கேட்டில் தொழிலாளர்கள் விரல் வைக்கிற கணினி ஒன்று உள்ளது. அது காலைப் பதிவை சர்வருக்கு அனுப்ப வேண்டும், அனுப்பவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதற்குள் சர்வருக்கு மாலை போட்டுவிட்டார்.

பார்த்தவை: கேபிள் சரி. பிங் போகிறது, வருகிறது. சர்வரில் இடம் தாராளம். வருகைப்பதிவு மென்பொருள் 'இணைப்பு இல்லை' என்று ஒரே வரி சொல்கிறது. ஏன் இல்லை என்று சொல்லாது, அத்தனை அழுத்தம்.

என் இடத்திலிருந்தே கேட் கணினியில் நடப்பதையெல்லாம் எழுதி வைக்கிற ஈவண்ட் வியூவரைத் திறக்கப் பார்த்தேன். அனுமதி மறுப்பு. அட்மின் எனக்கே அனுமதி மறுப்பு! மாமியார் வீட்டில்கூட எனக்கு இப்படி நடந்ததில்லை.

அக்கவுண்ட்ஸ் பிரிவு கொடுத்த முறுக்கு நன்றாக இருந்தது. அதிரசம் கல்.

நவம்பர் 5, செவ்வாய்

மழை விட்டு விட்டு.

காலையில் முதலில் அக்கவுண்ட்ஸ். "கம்ப்யூட்டர் தூங்குது மேடம்." ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் திறந்ததும் தெரிந்துவிட்டது. பிரிண்டரோடு வந்த ஏதோ ஒரு உதவி புரோகிராம் மெமரியை முழுங்கிக்கொண்டிருந்தது. கணினி எழும்போதே ஓடுகிறவற்றின் பட்டியலில், ஆட்டோரன்ஸில், அதன் டிக்கை எடுத்தேன். தீர்ந்தது. அவர்கள் ஏற்கனவே நாலு தடவை ரீஸ்டார்ட் செய்து பார்த்தார்களாம். ரீஸ்டார்ட் பண்ணினால் தடயம் போய்விடும், முதலில் என்னைக் கூப்பிடுங்கள் என்று தொண்டை கட்டச் சொல்லியாகிவிட்டது. இன்னொரு முறை சொன்னேன்.

கேட் கணினி இன்னும் அப்படியே. சந்தேகங்கள்:
- பாஸ்வேர்ட் காலாவதி. பார்த்தேன், இல்லை.
- சர்வர் என்று நினைத்து வேறு ஏதாவது முகவரிக்கு அனுப்புகிறதா. இல்லை.
- நேரம். இரண்டு பக்கமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சர்வர் உள்ளே விடாது. ஆனால் விண்டோஸ் சர்வரைப் பார்த்துத் தானே மணியைச் சரி செய்துகொள்ளும். அதனால் இதை அடித்துவிட்டேன்.

மதியம் கேன்டீனில் அமுதா. ட்யூப் பேக்கிங்கில் இருக்கிறாள், தொண்டமாநத்தத்துப் பெண். வீட்டில் நிலம், மாடு எல்லாம் உண்டு. இவள் சம்பளம்தான் மாதாமாதம் கைக்கு வருகிற காசு. ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை. என்ன என்று கேட்டதுதான் தாமதம், கண் நிறைந்துவிட்டது.

"பெர்மனென்ட் லிஸ்ட்ல என் பேர எடுத்துட்டாங்க கா. மூணு லேட்டாம். வெள்ளிக்கெழம லிஸ்ட் மேல போவுது. அதுல இல்லன்னா வேலயே இல்லன்றாரு சூப்பர்வைசர்."

"லேட்டா வந்தியா?"

"சத்தியமா இல்ல கா. அதே பஸ்ஸு, அதே டைமு. எறங்கி ஓடியாந்து வெரல வெக்கறேன், செவப்பு வருது. போன எடுத்துப் பாக்குறேன், எட்டரை கூட ஆவல. சொன்னா, மெஷின் பொய் சொல்லுமான்றாங்க."

மெஷின் பொய் சொல்லாது என்று நானும் சொல்லத்தான் வாயெடுத்தேன். நல்லவேளை, வாயில் சோறு இருந்தது.

'போனில் எட்டரை ஆகவில்லை.' நான் அடித்துவிட்ட சந்தேகம் அது. சாப்பாட்டை முடிக்காமலே எழுந்தேன். கேட்டில் ஷிப்ட் மாறுகிற நேரம், ஒரே கூட்டம், கணினியைத் தொட முடியவில்லை. நாளைக் காலை முதல் வேலை.

நவம்பர் 6, புதன்

வெயில்! மூன்று நாள் துணி மொட்டை மாடியில்.

வேனிலிருந்து இறங்கி நேராக கேட். அந்த மென்பொருள் திரை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. பெயர், போட்டோ, பச்சை அல்லது சிவப்பு, அவ்வளவுதான். மூலையில் இருக்கிற மணி யார் கண்ணுக்கும் படாது. அதைச் சுருக்கிவிட்டு என் போனை அருகில் வைத்துப் பார்த்தேன்.

பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது.

மணியை சர்வரோடு ஒத்துப்போகச் செய்யும் கட்டளை, w32tm /resync அடித்தேன். மணி பார்க்கிற சர்வீஸ் ஓடவில்லை என்றது. நின்றுபோகவில்லை, நிறுத்தியிருக்கிறார்கள். மறுபடி எழுந்திருக்காதபடி 'டிஸேபிள்ட்' வேறு. வைரஸ் இந்த வேலை செய்யாது, மனுஷன்தான் செய்வான். அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஈவண்ட் வியூவரைத் திறந்தேன். மணியை மாற்றினால் பழைய மணி, புது மணி இரண்டையும் விண்டோஸ் எழுதி வைக்கும். ஆயுத பூஜை லீவு முடிந்த மறுநாள் நான்கு நிமிடம் முன்னால். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் பத்து. நான்கு வரை சர்வர் பொறுத்துக்கொண்டது, பத்துக்குப் பொறுக்கவில்லை. மாற்றியவர் இடத்தில் எச்.ஆர். மேனேஜரின் பெயர்.

கோபம் தலைக்கு ஏறியது. படி ஏறுவதற்குள் கொஞ்சம் இறங்கியது. சம்பந்தம் சார் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். மறுப்பார் என்று நினைத்தேன். மனிதர் பெருமையாகச் சிரிக்கிறார்.

"ஆமாம்மா, நான்தான் வெச்சேன், மொதல்ல நாலு, அப்பறம் பத்து. எங்க வீட்ல எல்லா கடிகாரமும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டுதான். என் பசங்க ரெண்டு பேரும் ஸ்கூலுக்கு ஒரு நாள் லேட்டானது கெடையாது. ஜனங்க சீக்கிரம் வரட்டுமேன்னு ஒரு நல்ல எண்ணம். அது என்னடான்னா தானா பழைய டைமுக்கே போய்க்கினு இருந்துச்சி. வீடியோ பாத்து அத நிறுத்தனேன்."

"உங்க பசங்களுக்கு அந்தக் கடிகாரம் தெரியும் சார். இவங்களுக்கு அந்தத் திரையில மணியே தெரியாது. உங்க வீட்ல லேட்டா கெளம்பனா சம்பளம் புடிக்கிறீங்களா?"

காபி டம்ளர் மேசைக்குப் போனது. அமுதாவின் பெயரைச் சொன்னேன். அவளுடைய மூன்று லேட்டும் ஆயுத பூஜைக்குப் பிறகு, மூன்றும் நான்கு நிமிடத்துக்குள் என்று எடுத்துக் காட்டினேன். அவர் முகம் சின்னதாகிவிட்டது. கெட்டவர் இல்லை. அது சுவர்க் கடிகாரம் இல்லை, அதை நம்பித்தான் கதவு, கூலி, வேலை எல்லாமே இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஜி.எம்.கிட்ட சொல்லிடாதம்மா. லிஸ்ட்ட நான் சரி பண்ணிடறேன்."

"ஒருத்தி பேர மட்டும் இல்ல சார், ஆயுத பூஜையிலேர்ந்து செவப்பு வாங்கன எல்லார் பேரும். நீங்களே போய்ச் சொல்லுங்க. நானும் கூட வரேன்."

நாளை பத்து மணிக்கு ஜி.எம். நேரம் கொடுத்திருக்கிறார். எந்தக் கடிகாரத்தில் பத்து என்று கேட்கத் தோன்றியது.

நவம்பர் 7, வியாழன்

மேகமூட்டம். வீட்டில் இவர் தன் கடைக்குப் போகும் அவசரத்தில் என் சார்ஜரை எடுத்துப் போய்விட்டார்.

ஜி.எம். முழுவதையும் கேட்டார். சம்பந்தம் சார் தானே எல்லாவற்றையும் சொன்னார், பூசி மெழுகவில்லை. அதற்கு ஒரு மரியாதை உண்டு. ஜி.எம். தன் கைக் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுவும் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டுதாம்மா," என்றார் மெதுவாக.

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தி, ஆயுத பூஜையிலிருந்து போட்ட லேட் எல்லாவற்றையும் சரியான மணிக்கு மறுபடி கணக்குப் பார்க்கச் சொன்னார். பிடித்ததைத் திருப்பித் தர வேண்டும். லிஸ்ட் அதற்குப் பிறகுதான் மேலே போகும்.

மதியம் முழுவதும் அந்த வேலை. கேட் கணினியில் மணியை மாற்றும் உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்தேன். மணி சர்வர் சொல்வதுதான். சர்வருக்கு அது இன்டர்நெட்டிலிருந்து வருகிறது. சர்வீஸை யாரும் நிறுத்த முடியாதபடி பாலிசி போட்டேன். மென்பொருள் போட்டவர்கள் அட்மின் உரிமை இல்லாமல் ஓடாது என்று அடம்பிடித்து எச்.ஆர். பெயருக்கு வாங்கிய அந்த உரிமையையும் பிடுங்கினேன். அருமையாக ஓடுகிறது, பொய்யர்கள். சாயங்காலம் சம்பந்தம் சாரை உட்கார வைத்து மணியை மாற்றச் சொன்னேன். முடியவில்லை.

"கெட்டிக்காரிம்மா நீ," என்றார். தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

எனக்கு: பயனர் சொல்கிற புகாரைக் கணினி சொல்கிற பிழையோடு சேர்த்துப் படிக்கணும். எதையும் பார்க்காமல் அடிக்கக் கூடாது.

நவம்பர் 8, வெள்ளி

அமுதா பெயர் லிஸ்டில் இருக்கிறது, நேற்று சாயங்காலமே அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். அவளோடு இன்னும் சிலர். மதியம் ஒரு பை கொய்யா கொண்டு வந்து மேசையில் கொட்டினாள்.

"எங்கம்மா உங்களுக்கு குடுக்க சொல்லிச்சி கா. ராத்திரி பூரா அழுதுக்கினே இருந்துச்சி, சந்தோஷத்துல."

பெரியதாக ஒன்றை எடுத்து அங்கேயே கடித்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

மீன் மார்க்கெட். வஞ்சிரம் விலை கேட்டுவிட்டு சங்கரா வாங்கினேன்.

எங்கள் ஹால் கடிகாரமும் பத்து நிமிடம் முன்னால்தான். பள்ளிவாசலில் பாங்கு சரியான நேரத்துக்குச் சொல்வார்கள், எங்கள் வீட்டில் மட்டும் அது எப்போதும் பத்து நிமிடம் லேட். ஊருக்கு நியாயம் சொல்லிவிட்டு வீட்டில் இதை வைத்திருப்பது கூச்சமாக இருந்தது. இவரிடம் சொன்னேன்.

"ஏங்க, அந்தக் கடிகாரத்த சரியா வைங்க. இனிமே இந்த வீட்டுலயும் ஒரே டைம்தான்."

"உத்தரவு மேடம்," என்று ஸ்டூல் போட்டு ஏறினார். புது பேட்டரியும் போட்டார்.

நவம்பர் 11, திங்கள்

மழை.

காலையில் டீயும் கையுமாக ஹால் கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்கத்தில் மனசு பத்து நிமிடம் கழித்துக்கொண்டது. நிறைய நேரம் இருக்கிறதே என்று இன்னொரு டம்ளர் டீ. மூலக்குளம் ஸ்டாப்புக்குப் போனால் வேனைக் காணோம். ஆட்டோவில் முழுக்க நனைந்தபடி சேதராப்பட்டில் இருக்கிற கம்பெனிக்கு. கேட்டில் விரல் வைத்தேன்.

சிவப்பு.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் லேட். சம்பந்தம் சார் குடை பிடித்துக்கொண்டு கேட்டிலேயே நின்றிருந்தார். மனிதர் முகத்தில் அப்படி ஒரு தேஜஸ்.

"என்னாம்மா இது? நீ அட்மின்தானே, உள்ள போய் ஒரு பட்டன தட்டி மாத்திக்கலாமே?"

"யாராலயும் மாத்த முடியாது சார். நான்தானே போட்டேன்."

உள்ளே போகும்போது பேக்கிங் ஜன்னலிலிருந்து அமுதாவின் குரல். "கா! எனக்கு இன்னிக்கி பச்ச!"

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, ஸ்டூல் போட்டு ஏறி ஹால் கடிகாரத்தை மறுபடி பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன். அது யார் சம்பளத்தையும் பிடிக்கப் போவதில்லை. இவர் கடையிலிருந்து வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சாப்பாடு போடச் சொன்னார்.