துரைத்தோட்டத்துச் சொற்பொழிவு

திருப்பாதிரிப்புலியூர்,
ஞாயிறு காலை.

என் அன்பு மலர்க்கொடிக்கு,

நான் நலமே. இலண்டன் குளிரில் நீயும், மகள் யாழினியும், நம் பெயர்த்தியும் நலமுற வாழ விழைகிறேன். தொலைபேசியில் பேசினால் என் மேடைக்குரல் எழுந்துவிடுகிறது. நீயும் கருவியைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்கிறாய். ஆகவே எழுதுகிறேன்.

கெடிலக் கரையில் கும்பினி ஆட்சிக்கால வெள்ளைத் துரை ஒருவன் அமைத்த தோட்டமாளிகையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மணமான புதிதில், பூட்டிய இரும்புக் கதவின் கம்பிகளைப் பற்றிக்கொண்டு, "இந்தப் பாத எங்கதான் போயி முடியுதோ?" என்று கேட்டாயே, அதே தோட்டம். விழாவில் பேச என்னை அழைத்திருந்தார்கள்.

முன்னதாகவே சென்று அப்பாதையில் நடந்தேன். மருதமும் மகோகனியும் வானை மறைத்து நிற்கின்றன. இடையில் ஒரு தாமரைக்குளம். கரையில் இருவர் அமரும் கல்லிருக்கை. நம்மவர் தோள்கள் மண்சுமந்து எழுப்பிய சோலைக்குள் நம்மவரே நுழையத் தடை இருந்ததே என்று சினம் மூண்டது. சொல்லத் திரும்பினேன், பக்கத்தில் எவரும் இல்லை. அந்தப் பாதை எங்கும் முடியவில்லை, மலர்க்கொடி. சுற்றிவந்து அதே இரும்புக் கதவில்தான் சேர்கிறது.

மேடையில், பழக்கத்தால், முதல் வரிசையைப் பார்த்தே பேசினேன். போதும் என்றால் நீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைப்பாய், நான் முடித்துவிடுவேன். அன்று துடைப்பார் இல்லை. கும்பினியை மூன்று முறை கடல்கடத்திவிட்டு நிமிர்ந்தால், நாற்காலிகள் வெறிச்சோடிக் கிடந்தன. தோட்டம் பெருக்கும் தைலம்மாள் மட்டும் துடைப்பத்தோடு அமர்ந்திருந்தார். நம் தெருமுனைக் கூட்டங்களுக்கெல்லாம் வந்தவராம். "அய்யா, கேட்டப் பூட்டணும். அம்மா ஊர்ல இல்லீங்களா? அவுங்க கண்ணாடியத் தொடச்சிருந்தா நீங்க எப்பவோ முடிச்சிருப்பீங்க" என்றார். நம் மறைகுறி ஊருக்கே தெரிந்திருக்கிறது!

அங்கேயே தங்கிவிடுமாறு யாழினி வேண்டுவதாக எழுதி, முடிவை என்னிடம் விட்டிருந்தாய். மகளுக்கு நீ வேண்டும். உனக்குப் பெயர்த்தியின் மழலை வேண்டும். இவற்றை எதிர்த்து முழங்க என்னிடம் சொல் இல்லை. உன் விருப்பம் எதுவோ, அதுவே என் முடிவு.

அடுத்த மாதம் சிதம்பரத்தில் கூட்டம். முதல் வரிசையில் இடப்பக்க ஓர நாற்காலியில் எவரையும் அமர்த்த வேண்டா என்று சொல்லியிருக்கிறேன். குளக்கரை இருக்கையில் காலை வேளையில் வெயில் படுவதில்லை.

மகளுக்கும் பெயர்த்திக்கும் என் வாழ்த்து. அங்கே குளிரில் கண்ணாடி அடிக்கடி மங்குமாமே. துடைக்கும்போது என்னை எண்ணிக்கொள்.

முடிக்கத் தெரியாத,
உன் செந்தமிழ்ச்செல்வன்