வெள்ளாயணித் தாமரையால் வந்த சந்தேகம்

சாலைக் கடைத்தெரு, திருவனந்தபுரம்
3-8-1951

சௌபாக்கியவதி செண்பகவடிவுக்கு, நான் நலம். உன் இருமல் நின்றதா? அத்தை சரியாகச் சாப்பிடுகிறார்களா?

எனக்கு இங்கே வேறொரு குடும்பம் இருப்பதாக, என்னைப் பார்க்க வந்த உன் அண்ணன் சந்தேகப்பட்டுவிட்டார். பயப்படாதே, தீர்ந்துவிட்டது. கோவிலும் மியூசியமும் எல்லோரும் பார்ப்பதுதானே என்று, முதல் நாள் அந்தியில் சாக்கைக் கால்வாயில் கொப்பரைத் தேங்காய் ஏற்றிய வள்ளங்கள் விளக்கேற்றுவதைக் காட்டினேன். மறுநாள் விடிந்ததும் வெள்ளாயணிக் காயலில் தாமரை விரிவதைப் பார்க்க வள்ளத்தில் ஏற்றினேன். அதுதான் வினை.

"மாப்ளே, வத்தல் யாவாரிக்கு இந்த எடமெல்லாம் எப்படித் தெரியும்? யாரு கூட்டிட்டு வந்தா?"

"ஞாயித்துக்கெழம கடை அடைப்பு அத்தான். அறையில ஒத்தையில இருந்தா சோறு எறங்கல. அதான் இப்படி நடக்கேன்" என்றேன்.

அவர் நம்பவில்லை. துடுப்புப் போட்ட கேசவன்தான் சிரித்தான்: "அண்ணாச்சி எப்பவும் ஒற்றைக்காணு வரும். தாமரை ஒண்ணும் பார்க்காது, வள்ளத்துல கிடந்து உறங்கும்!"

உன் அண்ணன் சிரித்த சிரிப்பில் வள்ளமே ஆடியது.

லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன். வரும்போது கருப்பட்டியும் என் இலவம்பஞ்சுத் தலையணையும் எடுத்து வா. ஆம், வரும்போதுதான். நாங்கள் பேசி முடித்தது இது: ஆவணியில் அவரே உன்னைக் கொண்டுவந்து விடுவார், அதற்குள் கரமனை ஆற்றங்கரையில் நான் வீடு பிடிக்க வேண்டும், இனி ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக எங்கும் போகக் கூடாது.

ஆறுமுகநயினார்