அசையாத புள்ளி

அன்புள்ள அக்கா,

போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். நீ நடந்து போகும் வழியிலுள்ள மலையடித் தபால் நிலையத்துக்கு நான் அனுப்பும் உன் சாப்பாட்டுப் பெட்டிக்குள் இதையும் வைப்பேன். நீ அங்கே வந்து எடுக்க வேண்டும்.

நீ பாலைவனத்தை நடந்து கடந்த நாட்கள் முழுவதும் உன் புள்ளி என் போன் வரைபடத்தில் நகர்ந்துகொண்டே இருந்தது. பனிமலையில் ஏறிய பிறகு, நேற்றுக் காலையிலிருந்து ஒரே இடத்தில் நிற்கிறது. நீ இருக்கும் இடத்தைக் காட்டும் உன் கருவியில் பற்றரி முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். உடனே மறுபடியும் பார்க்கிறேன்.

நீ வன்கூவரில் வேலை செய்கிறாய் என்றுதான் அம்மா இன்னும் நம்புகிறார். இன்று கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, "கொக்கா ஏன்டி போன் எடுக்கிறாளில்லை?" என்று உன்னைப் பற்றி என்னிடம் கேட்டார்.

"ஓவர்டைம், அம்மா."

"மகாராணி எங்களை மறந்திட்டா," என்று அப்பா சிரித்தார்.

இந்த நடைபயணத்தைப் பற்றி நீ முதலில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நாங்கள் ஊரிலை சண்டை நேரம் செல்லடிக்குள்ளை பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு நடந்தது காணாதோ? நடக்கிறதெண்டால் வீட்டுக்குப் பக்கத்திலை இருக்கிற உந்த ரூஜ் பார்க்கிலை நட!" என்று கத்தினார். அதனால்தான் நீ பொய் சொல்லிவிட்டுப் போனாய். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நானும் உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அந்தச் சத்தியத்தை இப்போது மீறப்போகிறேன். உன்னைத் தேடச் சொல்லி யாரிடம் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் அறைக் கதவைத் தட்டப்போகிறேன்.

இனி நீ என்னோடு கதைக்கமாட்டாய். பரவாயில்லை, அக்கா. வீட்டுக்கு வந்து, என் முன்னால் நின்று கதைக்காமல் இரு.

உன் தங்கை