இரண்டாவது காது

ஏப்ரல் 9

என் சின்னவளுக்கு,

ஒழுங்கா சாப்பிடறியா? மத்த விசாரிப்பெல்லாம் அப்புறம். நான் இங்க உசிரோட இருக்கேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் திறக்கப் போகுதுன்னு சீருடை தைச்சுத் தள்ளுறேன். மிஷின் ஓடுற வரைக்கும் பரவாயில்ல. நின்னா போச்சு, தம்பி வந்து கண்ணு முன்னாடி நிக்கிறான்.

அவனுக்கு ஆறு வயசு இருக்கும். கதவு நிலையில காதை வெச்சுக்கிட்டு, "அக்கா, உள்ள யாரோ சாப்பிடறாங்க"ன்னான். போடா பைத்தியம்னு விரட்டிட்டேன். ஒரு மாசம் கழிச்சு நிலை அப்படியே சரிஞ்சது. உள்ள பூரா கரையான்! அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

உன்னைக் கேக்க உங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தோமே, அன்னிக்கு மட்டும் என்ன? பெரியவங்க பேசிக்கிட்டிருக்காங்க, இவன் எழுந்து உள்ள போய், "குழாயில வாஷர் போயிருக்கு, சத்தமே சொல்லுதே"ன்னு சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். என் மானமே போச்சு. நீ ஒருத்திதான் சிரிச்சே.

லீவுக்குக் குட்டியை இங்க அனுப்பேன். அவ மூஞ்சியில அப்பனை உரிச்சு வெச்சிருக்கு. அவளை விட்டா எனக்கு வேற யாரு இருக்கா, சொல்லு. அவன் நோட்டு ஏதாவது இருந்தா அதையும் கொடுத்து விடு.

உன் அண்ணி


ஏப்ரல் 20

அண்ணிக்கு வணக்கம்.

உங்க கடுதாசியைக் குட்டிக்குப் படிச்சுக் காட்டினேன். கரையான் கதைக்குச் சிரிச்சா. இந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு ஒன்றரை மாசம் ஆச்சு.

வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டேன். ஓட்டல் சலவைக்கூடம், விரிப்பு தேய்க்கிறது, எல்லாம் பழையபடிதான். அங்க அடிக்கிற ஆவியில யார் அழுதாலும் தெரியாது.

நோட்டை இப்போதைக்குக் கொடுக்க முடியாது. படிச்சுக்கிட்டிருக்கேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், அதுக்கு முன்னாடி கொஞ்சம் விவரம் சொல்லணும்.

தண்ணி ஆபீஸ்ல அவரை 'காது'ன்னுதான் கூப்பிடுவாங்க. இரும்புக் கம்பியை ரோட்டுல ஊன்றி, மேல் முனையில காதை வெச்சு, எங்க குழாய் கசியுதுன்னு சொல்லிடுவார். ஆஸ்பத்திரி வாசல்ல மெஷின் வெச்சு ஒன்பது நாள் தேடியும் கிடைக்காததை, ஒரு டீ ஆறுறதுக்குள்ள காட்டிக் கொடுத்தார். ஆனா அங்க ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் கேட்டா போதாது. இன்னொருத்தரும் அதே இடத்துல கேட்டுக் கையெழுத்துப் போடணும். ரெண்டு காது கேட்டாதான் தோண்டுவாங்க.

வியாதி வந்து, குழாய்க்குள்ள ஆளுங்க பேசற மாதிரி கேக்க ஆரம்பிச்சதும், அந்த வழக்கத்தை அவரேதான் வீட்டுக்குக் கொண்டு வந்தார். "எது குழாய், எது என் மண்டைன்னு எனக்கே தெரியல. நான் கேக்குதான்னு கேப்பேன். மறைக்காம சொல்லு. நீ இல்லைன்னா மாத்திரை போட்டுக்கறேன்"னார். டாக்டரே அசந்துட்டார். பதினோரு வருஷம் அப்படித்தான் ஓடுச்சு. உங்க வீட்டுக்கு அவரை அனுப்பினப்பவும் இதைத்தான் உங்ககிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

அன்னிக்குக் காலையில, "தெருமுனைக் குழிக்குள்ள ஒரு பொம்பளை கூப்பிடறா, கேக்குதா?"ன்னார். இல்லைங்கன்னேன். "உனக்குக் கேக்காட்டி போகுது. இன்னொரு காது கேட்டாச்சு"ன்னு கிளம்பிட்டார். பதினோரு மணிக்கு அந்தப் பழைய வால்வுக் குழி மூடியைத் திறந்து இறங்கியிருக்கார். உள்ள காத்து கெட்டுப்போய்க் கிடந்திருக்கு.

அந்த இன்னொரு காது யாரு அண்ணி? அவர் கூடக் கம்பி பிடிக்கிற கூட்டாளி மேலதான் எனக்குச் சந்தேகம். அதுக்கு முன்னாடி உங்க வீட்டுல பத்து நாள் இருந்தாரே, அங்க யாராவது வந்து போனாங்களா? இது தெரியாம என்னால தூங்க முடியல.

உங்கள் சின்னவள்


மே 2

சின்னவளே,

இங்க யாரும் வரல, போகல. துணி கொடுக்க வர்றவங்க வாசலோட சரி. கூட்டாளியைப் பத்தி எனக்கென்ன தெரியும்? வாய் சும்மா இருக்காம விளையாட்டா ஏதாவது சொல்லி வெச்சிருப்பானோ என்னவோ.

போனவன் போயிட்டான். அதையே கிளறிக்கிட்டிருந்தா குட்டியை யார் பாக்கறது? தப்பா எடுத்துக்காதே, மனசுல பட்டதைச் சொல்றேன். அன்னிக்கு ஒரு நாள் நீ லீவு போட்டுட்டு அவன் கூடவே இருந்திருக்கலாம்.

குட்டியோட அளவு எழுதி அனுப்பு. நீலத்துல ஒரு கவுன் தைச்சு வெக்கிறேன்.

அண்ணி


மே 15

அண்ணிக்கு,

லீவு போட்டிருக்கலாம். அதை நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?

கூட்டாளி வீட்டு வாசல்ல நின்னு, வாய்க்கு வந்தபடி கத்திட்டு வந்தேன். அந்த மனுஷன் அழுதுக்கிட்டே, தான் எதுவும் சொல்லலைன்னு குழந்தை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினார். நான் நம்பல. ஆபீஸ் விசாரணையிலயும் அவர்தான்னு எழுதிக் கொடுத்தேன். வேலையை விட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க.

நேத்து நோட்டுல ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டிருந்ததைப் பிரிச்சேன். உள்ள அவர் கையெழுத்து, ஆபீஸ்ல எழுதற மாதிரியே:

"மார்ச் 2. சமையலறைக் குழாய். பெண் குரல். இரண்டாவது ஆளும் கேட்டார். குரல் அழுகிறது என்று, நான் கூறாமலே, அவராகவே கூறினார்."

மார்ச் 2 அவர் உங்க வீட்டுல இருந்தார். உங்க சமையலறையில உங்களைத் தவிர யார் அண்ணி இருந்தாங்க?


மே 19

சின்னவளே,

நான்தான்.

ரெண்டு நாளா அவன் ஒரு வாய் சோறு தொடல. குழாய்கிட்டயே உக்காந்துக்கிட்டு, கேக்குதாக்கா, கேக்குதாக்கான்னு. நீ சொன்னது ஞாபகம் இருந்தது. அஞ்சு தடவை இல்லைன்னேன். ஒவ்வொரு தடவையும் அவன் மூஞ்சி வாடினது இருக்கே, பெத்தவ மாதிரி வளர்த்தவளுக்கு அதைப் பாக்க முடியல. ஆறாவது தடவை, "ஆமாண்டா, கேக்குது, முதல்ல சாப்பிடு"ன்னு சொல்லிட்டேன். ஒரு தடவைதானேன்னு நினைச்சேன்.

அவன் விடல. என்ன கேக்குதுன்னான். வாயில வந்ததைச் சொன்னேன். பொம்பளை அழற மாதிரி இருக்குன்னு. அவன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதான். "எனக்குப் பைத்தியம் இல்லக்கா, பாத்தியா?"ன்னான். அன்னிக்குத் தட்டு நிறையச் சாப்பிட்டான். சின்ன வயசுல மாதிரி பேசிக்கிட்டே இருந்தான். எறும்பு நடக்கற சத்தத்தை எப்படி அளக்கலாம்னு என் தையல் டேப்பை எடுத்து வெச்சுக்கிட்டு ஒரே சிரிப்பு. அந்த ஆறு நாள் மாதிரி அவனை நான் பாத்து எத்தனை வருஷம் ஆச்சு! மாத்திரையை அவன் சாக்கடையில போட்டதைக் கூடப் பாத்தேன். பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

நீ கேட்டப்ப கூட்டாளி மேல பழியைத் தள்ளினேன். உன் மேலயும் தள்ளினேன். நான் மனுஷியே இல்ல.

திட்டு. செருப்பால அடி. ஆனா குட்டியை மட்டும் என்கிட்டயிருந்து பிரிச்சுடாதே, உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

அண்ணி


மே 27

அண்ணிக்கு,

உங்க கடுதாசியை ஆபீஸ்ல கொடுத்துட்டேன். கூட்டாளி திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர்றார். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சம்சாரம் கதவைத் திறக்கல. அது நியாயம்தான்.

நீங்க பொய் சொன்னதுக்காக உங்களைத் திட்ட எனக்கு வாய் வரல. "கேக்குதுங்க"ன்னு சொல்லிடலாமான்னு எத்தனையோ நாள் எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கு. சொன்னா சாப்பிடுவார், என்னைப் பாத்துச் சிரிப்பார்னு எனக்கும் தெரியும். சொல்லல. பதினோரு வருஷம், இல்லைங்க, இல்லைங்கன்னு சொல்லியே அவரைக் காப்பாத்தினேன். முதல்ல எல்லாம் நல்லவேளை நீ இருக்கேம்பார். போகப் போக அதுவும் நின்னு போச்சு. அன்னிக்குப் படியிறங்கறப்போ, சேராத ஆளைப் பாக்கற மாதிரி என்னைப் பாத்துட்டுப் போனார்.

உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதவர், என்னை வெறுத்துட்டுச் செத்தார். அதை மட்டும் என்னால மன்னிக்க முடியல அண்ணி. அவரையும்தான்.

குட்டியை அனுப்ப மாட்டேன். இனிமே எழுதாதீங்க, வந்தாலும் பிரிக்க மாட்டேன். அத்தை ஏன் கூப்பிடலைன்னு தினமும் கேக்கறா. அத்தைக்குத் தையல் வேலை ஜாஸ்தின்னு சொல்லியிருக்கேன். எனக்குப் பொய் பழக்கமில்ல. இப்பதான் கத்துக்கறேன்.

குட்டியின் அம்மா