எழும்பாத விமானமும் உங்கள் மகளும்

என் அன்பான இஞ்சேருங்கோவுக்கு,

கட்டின நாளிலிருந்து உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்கள் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஏழு வருடமாகியும் வாய் வரவில்லை. பத்திரிகையில் வந்து ஊரெல்லாம் வாசிக்கப் போகிற இந்தக் கடிதத்திலும் இஞ்சேருங்கோதான்.

உங்கள் மகள் விமானத்தைக் கவிழ்த்துவிட்டாள். பயப்பட வேண்டாம், இடது மணிக்கட்டு மட்டும்தான் உடைந்தது. பயப்பட வேண்டியதையெல்லாம் நான் பயந்து முடித்துவிட்டேன்.

"என்ர பிள்ளை கடலில இறங்கக் கூடாது, மேலதான் போக வேணும்" என்று நம் சல்லி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தீர்களே, நினைவிருக்கிறதா? நீங்கள் படிப்பை நினைத்துச் சொன்னீர்கள். தர்சினி சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டாள். துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இப்போது விமானம் ஓட்டப் பழகுகிறாள். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் வேலைக்கு விண்ணப்பம் போடு என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திப் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

போன கிழமை ஒரு காலை, ஓடுபாதையில் ஓடி எழும்பப் போன நேரத்தில் எஞ்சின் சத்தம் மாறியிருக்கிறது. சின்ன விமானம், அவளும் அவளைப் பழக்குகிற ஆசிரியரும் மட்டும்தான். உடனே நிறுத்தப் பார்த்திருக்கிறாள். ஓடின வேகத்தில் அது பாதை முடிந்து புல்லுக்குள் போய், மூக்கு மண்ணில் குத்திக் கவிழ்ந்துவிட்டது. இரண்டு பேரும் தாங்களாகவே வெளியே வந்துவிட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். இதை ஒழுங்காகச் சொல்ல ஓர் ஆள் இல்லை. அவளுடைய போன் புல்லுக்குள் தொலைந்துவிட்டதாம். அங்கே வேலை செய்கிற யாரோ உங்கள் தம்பி யோகனுக்குப் போன் எடுத்து, "தர்சினியின்ர பிளேன் கவிண்டு போச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார். நம் கரையில் கவிண்டது என்றால் தண்ணீரில்தானே? புல்லில் கவிழும் என்று யாருக்குத் தோன்றும்? யோகன் மறுகேள்வி கேட்கவில்லை. நாலு வள்ளத்தை இறக்கிக்கொண்டு, கோட்டை முனையைச் சுற்றித் துறைமுகத்துக்குள் தேடப் போய்விட்டார்.

வீட்டில் அதைவிட மோசம். சனம் வந்து கதிரைகளை முற்றத்தில் அடுக்கிவிட்டது. குசினியில் யாரோ பெரிய கேத்தலை அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். என் தலையைத் தன் தோளில் சாய்த்து அழ ஒருத்தி. நானும் அழுதேன், ஏன் பொய் சொல்ல? உங்களுக்கு அழுத அதே இடத்தில் இருந்து அழுதேன். அப்போதுதான் ஓட்டோவில் வந்து இறங்கினாள், கையில் கட்டுடன். முற்றத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறாள்:

"ஆர் செத்தது, அம்மா?"

அடித்துவிட்டேன். கட்டுப் போடாத பக்கம்தான்.

பின்னேரம் யோகன் இடுப்பில் நனைந்த சாரத்துடன் வந்து, அவளைக் கண்டதும் வாசலிலேயே குந்தியிருந்து அழுதார். விசாரிக்க வந்தவர்கள் பிளேன் விழுந்ததாமே என்று கேட்கக் கேட்க, விழவில்லை, எழும்பவேயில்லை என்று எல்லோருக்கும் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தாள் உங்கள் மகள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

கை ஆறியதும் திரும்பப் போக வேண்டுமாம். ஆனால் நான் ஓம் என்றால்தான் போவாளாம். ஏலாது என்றேன். மூன்று நாள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. கடலுக்கு ஒருவரைக் கொடுத்தவளிடம் வந்து ஆகாயத்துக்கும் ஆள் கேட்டால் என்ன சொல்வது? நீங்களாவது சொல்லுங்கள்.

நாலாம் நாள் நான்தான் வாய் திறந்தேன். எழும்பியிருந்தால் இந்தக் கையும் உடையாமல் தப்பியிருக்கலாமோ என்று கேட்டேன். இல்லை, நேரே துறைமுகத் தண்ணீருக்குள் போயிருக்கும் என்றாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, பாதியில் நிறுத்த வெட்கமாக இருக்கவில்லையா என்றேன்.

"ஓடத் தொடங்கினாப் பிறகும் நிப்பாட்டலாம் அம்மா. அதைத்தான் முதல் பழக்கினவை."

இஞ்சேருங்கோ, உங்களுக்கு அதை யார் பழக்கியிருக்க வேண்டும்? அன்றைக்கு உங்கள் எஞ்சினும் கரையிலேயே சத்தம் மாறியது. யோகன் சொன்னார், நானும் சொன்னேன். இறக்கின வள்ளத்தைத் திரும்ப இழுத்தால் சனம் சிரிக்கும் என்றீர்கள். ஒரு நாள் சிரித்திருக்கும், மறுநாள் மறந்திருக்கும். ஏழு வருடமாக உங்கள் மேல் எனக்கிருக்கிற கோபம் இதுதான். இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

உங்கள் மகள் நிறுத்தினாள். நிறுத்தத் தெரிந்தவளை நான் எதற்கு மறித்து வைக்க வேண்டும்? நேற்று ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு குசினிக்குள் போய் ஒரே சட்டியை மூன்று தரம் கழுவினேன், அது வேறு கதை.

இனி அவள் போகிற வழியில் நான் குறுக்கே நிற்க மாட்டேன், இது சத்தியம். எஞ்சின் சரியில்லை என்று பறக்காமலே திரும்பி வருகிற நாளில் யாராவது சிரித்தால், அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் மனிசி,
தர்சினியின் அம்மா