என் பேரில் நீ படுத்த கட்டில்

உன்னைக் கேட்காமல் உன் கருக்குழாயைக் கட்டிவிட்டார்கள். தலைப்பிள்ளை பெறப் படுத்திருந்தவளை, மூன்று பிள்ளை பெற்றவள் என்று எழுதிவைத்துக் கட்டினார்கள். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவர், நம் இருவருக்கும் தாலி கட்டியவர். பழி வந்து விழுந்தது என் தலையில். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். சுற்றி வளைத்துச் சொன்னால் யாரும் கடைசிவரை கேட்பதில்லை.

நீ கண்ணை மூடிப் போன பிறகு உனக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம். ஆனால் முந்தாநாள் உன் மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. மறுபடியும் பெண். நேற்றுப் பார்க்கப் போனேன். உன் மகள் மணிக்கட்டில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பேனாவால் பேர் எழுதியிருந்தார்கள். பிள்ளையை என் மடியில் வைக்கும்போது அந்தக் கை என் முகத்தருகே வந்தது. பிளாஸ்திரிப் பசையும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த அந்த வாடை. நான் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. பிளாஸ்திரியில் இருந்த எழுத்தைத்தான் படித்தேன். அவள் பேர்தான் இருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை படித்தேன்.

உன் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் என் பேர் இருந்தது.

நீ என் வாசலுக்கு வந்த நாளை மறக்கவில்லை. நீ அவருக்கு மாமன் மகள். உன் அப்பா இறந்ததும், உரிமைக்காரன் நான் இருக்கும்போது வெளியில் எப்படிக் கொடுப்பீர்கள் என்று நின்று, ஏதோ ஒரு கோயிலில் தாலி கட்டிக் கூட்டி வந்துவிட்டார். எனக்கு இரண்டு மகன்கள் இருந்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன்னையாவது கேட்டார்களா என்று அன்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. கையில் விளக்குமாற்றோடு வாசலை மறித்து நின்றேன். நீ கழுத்து மாலையோடு என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலக்கா. பசிக்குது."

விளக்குமாற்றைக் கீழே போட்டேன். அதன்பிறகு எப்படிச் சண்டை போடுவது?

ஒரு வருஷத்துக்குள் நீ என் நிழலாகிவிட்டாய். மாசமாக இருந்தபோது, சுவரில் செம்மண்ணைப் பெயர்த்துத் தின்பாய். கையைத் தட்டிவிடுவேன். "சுவரு இடிஞ்சா ஒன் பிள்ளையவா கட்டி வைக்கச் சொல்லுவேன்?" என்று திட்டுவேன். வாயெல்லாம் மண்ணோடு சிரிப்பாய்.

பேர் விஷயம் அப்போதுதான் வந்தது. அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். முதல் மனைவி இருக்கும்போது இன்னொருத்தி என்று தெரிந்தால் வேலை போய்விடும். ரேஷன் கார்டில் மனைவி என்று இருந்தது என் பேர். ஆகவே ஊசி போடப் போனதிலிருந்து பிரசவத்துக்குச் சேர்த்தது வரை, ஆஸ்பத்திரியில் நீ என் பேரில்தான் இருக்க வேண்டும் என்றார். நம்மிடம் அவர் யோசனை கேட்கவில்லை, முடிவைச் சொன்னார். நாம்தான் அதையும் விளையாட்டாக்கிக்கொண்டோம்.

"பேருதான, எரவல் குடுக்கேன். பத்தரமாத் திருப்பிக் குடுத்துரு" என்றேன்.

"கல்யாணத்துக்குச் சீலை வாங்குனா கிழியாமத் திருப்பித் தாரேன்ல, அதுமாதிரி தந்துர்றேன்க்கா" என்றாய்.

வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். நான் வீட்டில் மகன்களோடும் மாட்டோடும் இருந்தேன். மறுநாள் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தபோது நீ கிறங்கிக் கிடந்தாய். அவர் மட்டும் என்னைப் பார்க்காமல் பிள்ளைக்கு விசிறிக்கொண்டிருந்தார். அசதி என்று நினைத்தேன்.

உன் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். உனக்கு அடுத்தது உண்டாகவே இல்லை. நீ விரதம் இருந்தாய், வேப்பங்கொழுந்து தின்றாய், யார் எந்த ஊர்ச் சாமியைச் சொன்னாலும் பஸ் ஏறினாய். கடைசியில் நான்தான் உன்னை மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்தம்மா கேட்டார்: "டியூபைக் கட்டியிருக்காங்களேம்மா. சிசேரியன் அப்பவே பண்ணியிருப்பாங்க. உனக்குத் தெரியாதா?"

நீ என்னைத்தான் திரும்பிப் பார்த்தாய். "கட்டுறதுன்னா என்னக்கா?"

உசிலம்பட்டி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் கையை நீ விடவில்லை. உன் விரல் நகம் பதிந்த இடம் எனக்கு ரெண்டு நாள் வலித்தது. வீட்டுக்கு வந்ததும் நேராக அவரிடம் போனாய். அவர் டூட்டி முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் மாட்டை அவிழ்க்கத் தொழுவுக்குப் போயிருந்தேன். நீ கேட்டதும் அவர் சொன்னதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"என்னைய எதுக்குக் கேக்குற? ஒங்க அக்காதான் அப்படிச் செய்யச் சொன்னா."

நான் ஓடி வந்தேன். அதற்குள் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

ஊர் அதை உடனே நம்பியது. உனக்கு ஆண் பிள்ளை பிறந்தால் என் மகன்களின் காடு மூன்றாகப் பிரியும், அதனால் மூத்தாள் வேலை பார்த்துவிட்டாள் என்றார்கள். என் பேரில்தானே எல்லாம் நடந்தது, எனக்குத் தெரியாமலா என்றார்கள். தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும்.

அவரைத் தொழுவில் மடக்கிக் கேட்டேன். கட்டுத்தறியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மூணாவது பிள்ளை, ஆபரேசன் பண்ணிரலாமான்னு கேட்டாக. இது தலைப்பிரசவம்னு சொன்னா, அப்ப அந்த ரெண்டு யாருன்னு கேப்பாகள்ல? வேலை போயிருமேடி. எனக்கு மூணு போதும்னு சொல்லிப்புட்டேன்."

"ஒங்களுக்கு மூணு. அவளுக்கு?"

மாட்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

டாக்டர்களையும் நான் விடமாட்டேன். வயிற்றைத் திறந்து பார்த்தவர்களுக்கு அது தலைப்பிரசவம் என்று சந்தேகம்கூட வரவில்லையா? எழுதியிருந்ததை நம்பினார்கள், உடம்பை நம்பவில்லை. மயக்கம் தெளிந்து கண் விழித்த பிறகாவது உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதெல்லாம் தெரிந்த பிறகுதான் நான் எழுத்துப் படித்தேன். பஸ்ஸின் பேர்ப் பலகையைப் பார்த்தும், சின்ன மகனின் பாடப் புத்தகத்தைப் பார்த்தும், நானாகவே. இனி என் பேருக்கு அடியில் எவன் என்ன எழுதினாலும் நானே படிப்பேன் என்ற வைராக்கியம்தான் வாத்தியார்.

நீ தனி அடுப்பு மூட்டினாய். ஒரே வாசல், ஒரே குழாய், ஒரே தொழு. ஆனால் என்னிடம் பேச்சு இல்லை. சொல்ல வேண்டியதை ஆட்டிடம் சொல்வாய். "ஏ ஆடே, அந்தம்மா துணி நனையுது, எடுக்கச் சொல்லு." நானும் சளைத்தவளா? "ஏ ஆடே, அவ அடுப்புல பாலு பொங்குது, மூக்கு அடைச்சிருக்கான்னு கேளு." ஆடு நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அசைபோடும். உன் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். எத்தனை ஆடு வந்து போனது! நம் பேச்சு மட்டும் திரும்பவில்லை.

உனக்கு மார்பில் கட்டி வந்து முற்றிய பிறகுதான் சொன்னாய். அதையும் ஆட்டிடம்தான் முதலில் சொன்னாய். அன்று நான் ஆட்டுக்குப் பதில் சொல்லவில்லை, உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவரும் வந்தார். சீட்டு எழுதும் இடத்தில் பேர் என்ன என்று கேட்டார்கள். பழக்க தோஷம், அவர் என் பேரைச் சொல்ல வாயெடுத்தார்.

"ஏம் பேரைச் சொல்லுங்க மாமா. வேலைதான் முடிஞ்சு போச்சுல்ல? இனி யாரு வந்து புடுங்கப் போறாக?" என்றாய். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்றுதான் முதல்முதலாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் பேரில் நீ படுத்தாய்.

கடைசி நாட்களில் ஒரு மத்தியானம். உன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். நீ கண்ணைத் திறக்காமல் சொன்னாய்.

"நீ சொல்லலன்னு எனக்குத் தெரியும்க்கா."

"எதை?"

"அன்னைக்கே தெரியும். அவுக கால் கழுவிக்கிட்டே சொன்னாகள்ல, மூஞ்சியப் பாத்தப்பவே தெரிஞ்சு போச்சு. ஆனா அவுகள வெறுத்தா நான் எங்க போறது? பொட்டப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு எந்த வீட்டுக்குப் போவேன்? ஒன்னைய வெறுத்தா இந்த வீட்டுலயே இருந்துக்கிறலாம். நீ தாங்குவன்னு தெரியும்."

நான் அழவில்லை. துண்டை உன்மேல் போட்டுவிட்டு, "போடி" என்று சொல்லி வெளியே வந்து குழாயடியில் நின்றேன். ஊர் என்னைப் பேசிய பேச்செல்லாம் அப்போதுதான் புதிதாகப் பேசியதுபோல் எரிந்தது. நீ அறிந்தே அதைப் பேசவிட்டிருக்கிறாய். பிறகு வெந்நீர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். வேறென்ன செய்ய? நீ சொன்னது நிஜம். அவரை எதிர்த்திருந்தால் உனக்குப் போக்கிடம் இல்லை. அந்த வீட்டில் நீ கோபப்படக் கிடைத்தவள் நான் ஒருத்திதான். புரிகிறது. ஆனாலும் மன்னிக்கவில்லை. ஏன் தெரியுமா? என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். உன் மகளிடம் சொல்லவில்லை. அவள் இன்னும் நான்தான் செய்தேன் என்று நம்புகிறாள்.

நேற்று வார்டில் நடந்ததைக் கேள். நர்சு வந்தது. உன் மருமகனைப் பார்த்து, "ரெண்டாவதும் பொம்பளப் பிள்ளை. ஆபரேசன் பண்ணிரலாமா, இல்ல பையனுக்குப் பாக்குறீங்களா?" என்றது. அவன் தன் அம்மாவைப் பார்த்தான். அந்தம்மா, "ஆம்பளப் பிள்ளை இல்லாம எப்படி? அதெல்லாம் வேண்டாம்" என்றது.

"வயிறு அங்க இருக்கு. கேள்வி எதுக்கும்மா இங்கெல்லாம் சுத்துது?" என்று கத்தினேன். "அவளைக் கேளு. அவ வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம்."

உன் மகள் எழுந்து உட்கார்ந்தாள். "பண்ணிருங்க சிஸ்டர். எனக்கு ரெண்டு போதும்."

உன்னை முடக்கிய அதே ஆபரேஷன். அவள் வாயால் கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

எல்லாரும் வெளியே போனதும் அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "எம்புட்டுச் சத்தம் பெரியம்மா! எங்கம்மாவுக்கும் இப்படி ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல?"

கையிலிருந்த பிள்ளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நடந்ததை நான் சொன்னால் என் பேரைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்னதாகும். அதைச் சொல்ல வேண்டியவர் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே இதை எழுதுகிறேன். நர்சு இனி எந்தப் பெண்ணிடமும் கேட்கும்போது, சுற்றி நிற்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் மட்டும் கேட்க வேண்டும். உன் மருமகன் தன் உடம்புக்கு மட்டும் கையெழுத்துப் போட வேண்டும். அவன் அம்மா ஆண் பிள்ளை வேண்டும் என்றால் அதைத் தன் சாமியிடம் சொல்லட்டும், இவளிடம் அல்ல. என் மகன்கள் காட்டைப் பிரிக்கும்போது தங்கைக்குச் சரிபங்கு எழுத வேண்டும். சொல்லிவிட்டேன், முனகிக்கொண்டே சரி என்றிருக்கிறார்கள்.

அவர், கண்ணும் காதும் இருக்கும்போதே, உன் மகளை எதிரில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்: "ஒங்க பெரியம்மா சொல்லல. நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஒங்கம்மாவக் கேக்கல." வேறு விளக்கம் வேண்டாம். அழ வேண்டாம். வேலை போயிருக்கும் என்று இழுக்க வேண்டாம்.

அவர் சொல்கிறவரை அவருக்குச் சோறு வைப்பேன், மாத்திரை எடுத்துக் கொடுப்பேன். பேச மாட்டேன். நீ விட்டுப்போனதில் அந்த ஒன்றைத்தான் நான் வைத்திருக்கிறேன். இன்று காலையும் வாசலில் நின்று, அவர் காதில் விழும்படி ஆட்டிடம்தான் சொன்னேன்: "ஏ ஆடே, பிள்ளை பெத்தவ நாளைக்கு வீட்டுக்கு வாரா. சொல்ல வேண்டியத அவுகளச் சொல்லச் சொல்லு."